சொன்னா செய்வேனே: இருவர் உழைப்பு என்பது உண்மையில் என்ன?

கணவன் மனைவி சண்டை பெரியவர்கள் முன்னால் பஞ்சாயத்துக்கு வந்தால், யாராவது ஒருவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இதைச் சொல்லிவிடுவார்: "ரெண்டு கையும் தட்டினாத்தான் ஓசை வரும்." எல்லோரும் தலையாட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால் இதே பழமொழியைச் சண்டைக்கும் சொல்கிறோம், சமாதானத்துக்கும் சொல்கிறோம். சண்டையில் சொன்னால் "தப்பு ரெண்டு பேர் மேலயும் இருக்கு" என்று பொருள். அறிவுரையில் சொன்னால் "ரெண்டு பேரும் முயற்சி பண்ணுங்க" என்று பொருள். யார், எதை, எப்போது, எவ்வளவு என்று பழமொழியும் சொல்லாது, பெரியவரும் சொல்லமாட்டார்.

அதனால் அவரவர் வசதிக்குப் புரிந்துகொள்கிறோம். சிலருக்கு அது சரிபாதிக் கணக்கு: இன்று பாத்திரம் நான் தேய்த்தேன், நாளை நீ. சிலருக்கு அது விட்டுக்கொடுத்துப் போவது. பல வீடுகளில் விட்டுக்கொடுப்பவர் எப்போதும் ஒரே ஆள். இன்னும் சிலருக்கு கல்யாண நாளன்று ஒரு கேக், ஒரு ஸ்டேட்டஸ், அவ்வளவுதான். இந்த மூன்றிலும் விஷயம் நழுவிப் போகிறது என்பது என் கட்சி. எங்கே நழுவுகிறது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

இறைகூடை

பம்புசெட் வருவதற்கு முன்பு, வாய்க்கால் தாழ்ந்தும் வயல் சற்று மேட்டிலும் இருந்தால் இறைகூடை போட்டுத் தண்ணீர் இறைப்பார்கள். கூடையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருக்கும். இருவர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு கயிறு பிடிப்பார்கள். தளர்த்தினால் கூடை தண்ணீரில் முங்கும். சேர்ந்து இழுத்து வீசினால் மேலே வந்து வயல் பக்கம் கவிழும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை இப்படி.

இருவருக்கும் ஒரே பலம் இருக்கவேண்டியதில்லை. அப்பாவும் பதினாறு வயது மகனும் சேர்ந்து இறைக்கலாம். ஆனால் அப்பா தன் பலத்துக்கு இழுத்தால் கூடை அவர் பக்கம் சாய்ந்து, பாதித் தண்ணீர் வழியிலேயே கொட்டிவிடும். மகன் கயிற்றைத் தொய்ய விட்டாலும் அதே கதிதான். எதிரில் நிற்பவரின் இழுப்பைக் கையால் உணர்ந்து, அதற்கேற்பத் தன் இழுப்பை மாற்றிக்கொள்வதுதான் அங்கே வித்தை. மகன் களைத்துப்போனால் அப்பாவுக்குக் கயிறே சொல்லிவிடும்.

இந்தக் கட்டுரையில் 'இருவர் உழைப்பு' என்று நான் சொல்வது இதைத்தான்: ஒருவரின் நிலை மாறும்போது மற்றவர் செய்வதும் மாறுவது. யார் எத்தனை கிலோ இழுத்தார்கள் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

நோட்டில் எழுதும் உறவு, எழுதாத உறவு

நம் ஊர்க் கல்யாணத்தில் வாசலில் ஒரு மேசை போட்டு, ஒரு நோட்டும் பேனாவுமாக இருவர் உட்கார்ந்திருப்பார்கள். பெயர், ஊர், தொகை. 501 வைத்தால் 501 என்று எழுதுவார்கள். அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது அந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம் வீட்டிலிருந்து கிளம்புவார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம், குறிப்பாகக் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில், ஆடி ஆவணியில் மொய் விருந்து என்றே தனியாக நடக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் இருக்காது. கறிச்சோறு போட்டு மொய் வாங்குவதற்காகவே விருந்து. வட்டியில்லாக் கடன் மாதிரி அது. வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். அதில் கேவலம் ஒன்றுமில்லை, நல்ல ஏற்பாடு.

ஆனால் காய்ச்சலில் கிடக்கும் மனைவிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு அதை நோட்டில் எழுதுவீர்களா?

இந்த வேறுபாட்டை மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1970களின் இறுதியிலிருந்து ஆராய்ந்தார்கள். கொடுத்ததற்கு ஈடாகத் திரும்ப வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பில் நடப்பதைப் பரிமாற்ற உறவு என்று வைத்துக்கொள்வோம். மற்றவருக்குத் தேவை என்பதற்காகவே கொடுப்பதை அக்கறை உறவு என்போம். மளிகைக்கடைக்காரர், மொய் நோட்டு, ஆபீஸ் சகா முதல் வகை. பெற்றோர், பிள்ளைகள், நெருங்கிய நண்பர்கள், துணை இரண்டாம் வகை.

கிளார்க் 1984இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு பேர் சேர்ந்து, எண்கள் நிறைந்த ஒரு தாளில் குறிப்பிட்ட எண்களைத் தேடிக் குறிக்க வேண்டும். கிடைக்கும் பரிசு இருவருக்கும் பொது. முதல் ஆள் ஒரு நிறப் பேனாவால் குறித்துவிட்டார். இரண்டாம் ஆளுக்கு அதே நிறப் பேனாவும் இருக்கிறது, வேறு நிறமும் இருக்கிறது. எதை எடுப்பார்? முன்பின் தெரியாதவர்கள் என்றால் பெரும்பாலும் வேறு நிறத்தை எடுத்தார்கள், யார் எத்தனை கண்டுபிடித்தார்கள் என்று தெரிய வேண்டுமே. நண்பர்கள் அப்படிச் செய்யவில்லை.

வீட்டில் ஒருவர் திடீரென்று வேறு நிறப் பேனாவைக் கையில் எடுக்கிறார் என்றால் ("போன வாரம் உங்க அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?") அவர் சின்னப்புத்திக்காரர் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். தன் தேவை இங்கே யார் கண்ணிலும் படுவதில்லை என்று நெடுநாளாகத் தோன்றியிருக்கும். அப்போதுதான் மனுஷன் கணக்குப் பார்க்க ஆரம்பிக்கிறான். கணக்கு நோய்க்கு அடையாளம், நோய் வேறு எங்கேயோ.

சுருக்கமாக: எழுதி வைக்கும் உறவு உண்டு, எழுதாமல் நடக்கும் உறவு உண்டு, இரண்டுக்கும் அதனதன் இடம் உண்டு. எந்த இடத்தில் எது என்று குழம்பும்போதுதான் சிக்கல் வருகிறது. அந்தக் குழப்பம் வீட்டைவிடக் கடையில் சீக்கிரமே வெளிச்சத்துக்கு வரும்.

கூட்டுக்கடை

எனக்குத் தெரிந்த இரண்டு நண்பர்கள் ஜெராக்ஸ் கடை போட்டார்கள். ஒருவர் பணம் போட்டார், மெஷின் வாங்கினார். மற்றவர் கடையில் உட்கார்ந்தார். "நமக்குள்ள என்னடா பேப்பர்" என்று எதையும் எழுதவில்லை. லாபம் பாதி பாதி. முதல் வருஷம் தேனாகப் போனது. இரண்டாம் வருஷம் உட்கார்ந்திருந்தவர், "காலைல எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினா ராத்திரி பத்துக்குத்தான் இறக்குறேன், எனக்கும் பாதி, அவனுக்கும் பாதியா?" என்று கேட்க ஆரம்பித்தார். போட்டவர், "என் பணம் இல்லன்னா ஷட்டரே இல்ல" என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

சட்டம் என்ன சொல்கிறது? 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இந்த இடத்தில் கொஞ்சமும் தயவு பார்க்காது. கூட்டாளிகளுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 13ஆவது பிரிவின்படி லாபம் எல்லோருக்கும் சமம், நஷ்டமும் சமம். தொழிலைக் கவனித்துக்கொண்டதற்காக எந்தக் கூட்டாளிக்கும் தனிச் சம்பளம் கிடையாது. அதாவது பதினான்கு மணி நேரம் உட்கார்ந்தவருக்குச் சட்டப்படி ஒரு ரூபாய்கூட அதிகம் வராது. அதே நேரம் 12ஆவது பிரிவு, ஒவ்வொரு கூட்டாளியும் தன் கடமைகளைச் சிரத்தையாகப் பார்க்க வேண்டும் என்கிறது. கடன்காரர் வந்தாலோ 25ஆவது பிரிவு: கடையின் கடனுக்குச் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. வீட்டிலிருந்தபடி பணம் மட்டும் போட்டவரையும் அது விடாது.

அதனால்தான் விவரம் தெரிந்த ஆடிட்டர்கள் பத்திரம் எழுதும்போதே யார் வொர்க்கிங் பார்ட்னர், யார் ஸ்லீப்பிங் பார்ட்னர், உட்காருபவருக்கு மாதம் எவ்வளவு, முதலுக்கு வட்டி எவ்வளவு என்று எழுதச் சொல்கிறார்கள். லாபம் அதற்குப் பிறகுதான் பிரியும். நண்பர்களுக்குள் இதையெல்லாம் எழுதுவது சந்தேகப்படுவது ஆகாதா என்று கேட்டால், எழுதாமல் விட்டதால் பேச்சுவார்த்தை நின்றுபோன நண்பர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த ஜெராக்ஸ் கடை இப்போது மொபைல் கடை. அவர்கள் இருவரில் யாரும் அங்கே இல்லை.

கூட்டினால் நூறைத் தாண்டும்

சரி, வீட்டுக்கு வருவோம். கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்கார வைத்து, "வீட்டு வேலையில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம்?" என்று கேளுங்கள். இரண்டு பதிலையும் கூட்டுங்கள். பெரும்பாலும் 100ஐத் தாண்டிவிடும்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ராஸ், ஃபியோரி சிகோலி என்ற இருவர் 1979இல் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். 37 தம்பதிகள், 20 வேலைகள். காலைச் சிற்றுண்டி செய்வது, பாத்திரம் கழுவுவது போன்றவை. பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்ன பங்கும் சேர்ந்து முழுமைக்கு மேலே போனது. யாரோ பெருமைக்காக அளக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலில் சண்டையைத் தொடங்குவது போன்ற நல்ல பெயர் தராத விஷயங்களும் இருந்தன. அங்கேயும் தன் பங்கே அதிகம் என்ற சாய்வு தெரிந்தது. பெருமைக்காக யாராவது "சண்டையை நான்தான் ஆரம்பிப்பேன்" என்பார்களா?

காரணம் எளிது. நான் செய்தது எனக்கு முழுதாக நினைவிருக்கிறது: குனிந்தது, முதுகு வலித்தது, கடையில் க்யூவில் நின்றது. நீ செய்ததில் எனக்குத் தெரிவது முடிவு மட்டும்தான்: துணி மடித்திருக்கிறது, பில் கட்டியாகிவிட்டது. இப்படித் தன் வேலை சுலபமாக நினைவுக்கு வருவதால் தன் பங்கைக் கூட்டி மதிப்பிடுவதைத் தன்பங்கு மயக்கம் என்று சொல்லலாம். பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் இரண்டு நேர்மையான ஆட்கள் 60, 60 என்று சொல்ல முடியும்.

ஆகவே சரிபாதி என்ற கனவு ஏன் வீட்டுக்குள் கைகூடுவதில்லை என்பது இப்போது புரியும். இரண்டு தராசு இருக்கிறது, இரண்டும் அவரவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கின்றன. இதைத் தெரிந்துகொண்டால் "நான்தானே எல்லாம் செய்றேன்" என்று தோன்றும்போது ஒரு பத்து சதவீதத்தையாவது மனசுக்குள் கழித்துக்கொள்ளலாம். ஆனால் உடனே ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பத்தியைக் காட்டியே சிலர் தப்பித்துக்கொள்வார்கள்: எல்லா வித்தியாசமும் மயக்கமல்ல.

இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்துகிறது. 2019இல் சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. இரண்டு பக்கமும் ஏறக்குறையப் பத்துப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளியைக் கழித்துப் பாருங்கள்: 202 நிமிடம் 201 ஆகியிருக்கிறது. ஐந்து வருஷத்தில் ஒரு நிமிடம். இதில் ஆண்கள் சராசரி என்பது அந்த வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரிதான். கையே வைக்காதவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஊறப்போடுவது யார்?

நிமிடக் கணக்கிலும் அகப்படாத வேலை ஒன்று உண்டு. இட்லி அதற்கு நல்ல உதாரணம்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு இட்லி தட்டில் விழ வேண்டும். அதற்கு ஞாயிறு இரவே மாவு கரைத்து மூடி வைத்திருக்க வேண்டும், ராத்திரி முழுக்கப் புளிக்கும். இரவு மாவு தயாராக வேண்டுமானால் சாயங்காலம் கிரைண்டர் ஓட வேண்டும். அதற்கு அரிசி மதியமே ஊறியிருக்க வேண்டும், உளுந்து சற்றுப் பின்னால். மதியம் ஊற வேண்டுமானால் டப்பாவில் உளுந்து இருக்கிறதா என்று சனிக்கிழமையே பார்த்திருக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் கரண்ட் போகும் என்று மெசேஜ் வந்திருந்தால் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் முன்னால் இழுக்க வேண்டும். ஆக, திங்கட்கிழமை இட்லி சனிக்கிழமையே யாரோ ஒருவர் தலைக்குள் வெந்துகொண்டிருக்கிறது.

கணவர் நல்லவர். கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவித் தருவார், மாவை வழித்துக் கொடுப்பார். "சொன்னா செய்வேனே" என்பார், உண்மையிலேயே செய்வார். ஆனால் சொல்வது யார்? எப்போது சொல்ல வேண்டும் என்று நினைவு வைத்திருப்பது யார்? சொன்னது நடந்ததா என்று மறுபடி எட்டிப் பார்ப்பது யார்?

அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வுக்காக அமெரிக்காவில் 35 தம்பதிகளிடம் விரிவாகப் பேசினார். இந்தத் தலைக்குள் நடக்கும் வேலையை அவர் நான்காகப் பிரித்தார்: என்ன தேவை வரப்போகிறது என்று முன்கூட்டி உணர்வது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவு எடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவு எடுக்கும் கட்டத்தில் கணவன் மனைவி இருவரும் ஓரளவு சேர்ந்தே இருந்தார்கள். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் பெரும்பாலும் பெண்கள் தலையில். தமிழில் இதை மனச்சுமை என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். பொருத்தமான சொல்.

எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது பெருமைக்குரிய வேலை. அப்ளிகேஷன் எந்தத் தேதியில் கொடுக்கிறார்கள், பிறப்புச் சான்றிதழ் எந்த ஃபைலில் இருக்கிறது, சாதிச் சான்றிதழில் பெயர் எழுத்து சரியா என்பதெல்லாம் யாரும் பார்க்காத வேலை. பார்க்காததால் அதற்கு நன்றியும் கிடையாது. மறந்தால் மட்டும் திட்டு கிடைக்கும்.

"உதவி" என்ற சொல்லிலும் இந்தக் கோணல் இருக்கிறது. "வீட்டு வேலைல நான் அவளுக்கு நல்லா ஹெல்ப் பண்ணுவேன்" என்று ஒரு கணவன் சொல்லும்போது, வேலை அவளுடையது, நான் வெளியாள், கூப்பிட்டால் வருகிறேன் என்று தன்னையறியாமல் சொல்லிவிடுகிறான். இதே தவறு பல காலம் என் வாயிலும் வந்திருக்கிறது.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது: கையால் செய்யும் வேலையைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டு, நினைவு வைக்கும் வேலை முழுவதையும் ஒருவர் தலையில் விட்டால் இறைகூடை சாய்ந்தேதான் இருக்கும்.

கூப்பிட்டால் திரும்புவது

உழைப்பு என்றவுடன் வேலையை மட்டும் நினைக்கிறோம். இன்னொரு பக்கமும் உண்டு, அது மிகச் சின்னது. ஜன்னல் ஓரம் நிற்கும் மனைவி, "இங்க பாருங்க, கிளி வந்திருக்கு" என்கிறாள். கிளி முக்கியமில்லை. அவளுக்கு ஒரு நிமிடம் உங்கள் துணை வேண்டும். ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இப்படிப்பட்ட சின்னக் கூப்பிடல்களை அழைப்பு என்று குறிப்பிட்டார். அழைப்பு வந்தால் மூன்றில் ஒன்று நடக்கும்: திரும்பிப் பார்க்கலாம், போனிலேயே கண்ணை வைத்து "ம்" என்று விட்டுவிடலாம், "சும்மா இரு, வேலையா இருக்கேன்" என்று எரிந்து விழலாம்.

சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு வீடு மாதிரி ஆய்வுக்கூடம் அமைத்து, புதிதாகக் கல்யாணமானவர்களை அவர் கவனித்தார். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்தே இருந்தவர்கள் அன்று 100 அழைப்புகளில் சுமார் 86க்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்தவர்கள் திரும்பியது சுமார் 33க்கு. 86 என்பதைக் கவனியுங்கள், அது 100 இல்லை. நன்றாக இருக்கும் வீட்டிலும் நூற்றில் பதினான்கு கிளி யாரும் பார்க்காமல் பறந்துபோகிறது.

"அவ முதல்ல பேசட்டும்"

இனி, உழைப்பு எப்படி நின்றுபோகிறது என்பதைப் பார்க்கலாம். நின்றுபோவதற்குப் பெரிய துரோகம் எதுவும் தேவையில்லை.

ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அரசியல் அறிஞர் 1980 வாக்கில் கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கு ஒரு போட்டி வைத்தார். இரண்டு புரோகிராம்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒவ்வொரு முறையும் ஒத்துழைக்கலாம் அல்லது ஏமாற்றலாம். ஒத்துழைத்தால் இருவருக்கும் நல்லது. ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்குக் கொழுத்த லாபம். இருவரும் ஏமாற்றினால் இருவருக்கும் சொற்பம். பல துறை நிபுணர்கள் தந்திரமான புரோகிராம்களை அனுப்பினார்கள். ஜெயித்தது வந்ததிலேயே மிகச் சிறிய ஒன்று, அனடோல் ராப்பபோர்ட் அனுப்பியது. அதற்கு இரண்டே விதி: முதல் முறை ஒத்துழை, அப்புறம் எதிராளி போன முறை செய்ததை அப்படியே செய். நாம் இதை 'நீ செய்தால் நானும்' என்று அழைக்கலாம். 62 பேர் கலந்துகொண்ட இரண்டாம் போட்டியிலும் அதுவே ஜெயித்தது.

இதை மேடையில் சொல்லி, "பார்த்தீர்களா, பதிலுக்குப் பதில்தான் சரி" என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எதிராளி செய்ததை ஒரே ஒரு முறை தவறாகப் புரிந்துகொண்டால் போதும், இருவரும் மாற்றி மாற்றிப் பழிவாங்கிக்கொண்டே இருப்பார்கள், நிறுத்த வழியே இருக்காது. ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டு வந்த கணவன் பேசாமல் உட்காருகிறான். என்மேல் கோபம் என்று நினைத்து மனைவி தட்டை டொக்கென்று வைக்கிறாள். அவன் "என்ன திமிரு" என்று சாப்பிடாமல் எழுகிறான். வியாழக்கிழமைக்குள் இரண்டு பேரும் பேசுவதில்லை. "அவ முதல்ல பேசட்டும்", "அவரு முதல்ல பேசட்டும்". தொடங்கியது அண்ணா சாலை ட்ராஃபிக் என்பது யாருக்கும் நினைவில்லை.

மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் என்ற கணிதவியலாளர்கள் 1992இல் இதற்கு ஒரு மருந்து காட்டினார்கள். எதிராளி ஏமாற்றியதுபோலத் தெரிந்தாலும் அவ்வப்போது, சுமாராக மூன்றில் ஒரு முறை, கண்டுகொள்ளாமல் ஒத்துழைத்துவிடு. தவறான புரிதல்கள் நிறைந்த உலகில் இந்தத் தாராளம் நன்றாகத் தாக்குப்பிடித்தது. எப்போதும் மன்னிப்பது அல்ல. அப்படிச் செய்தால் ஏமாற்றுபவருக்குக் கொண்டாட்டம். எப்போதாவது ஒருவர் கணக்கை முறித்து முதலில் பேசுவது. அந்த ஒருவர் எப்போதும் ஒரே ஆளாக இருந்தால் நாம் மறுபடி இரண்டாம் பத்திக்குத்தான் வந்து நிற்போம்.

இந்தப் பேச்சு செல்லாத இடம்

அடி, மிரட்டல், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டைவிட்டு வெளியே விடாமல் வைப்பது, இவை நடக்கும் இடத்தில் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே யாராவது வந்து "ரெண்டு கை தட்டினாத்தான்" என்று ஆரம்பித்தால் அது அநியாயம். அடிப்பவர் கை ஒன்றுதான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல்ரீதியான வன்முறையோடு வாய்மொழி, உணர்வு, பாலியல், பொருளாதார வன்முறைகளையும் சேர்த்தே சொல்கிறது. பெண்கள் உதவி எண் 181.

கைமாற்றிக் கொடுத்தல்

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல் முழுசாகக் கைமாற்றுங்கள். "நீ காய் நறுக்கு, நான் சமைக்கிறேன்" என்பதில் யோசிப்பது இன்னும் ஒருவர்தான். "கரண்ட் பில் இனி என் பாடு" என்றால் தேதி நினைவு வைப்பதும், கட்டுவதும், கட்டினோமா என்று பார்ப்பதும் என் பாடு. கொடுப்பவர் கொடுத்துவிட்டு மேலிருந்து கண்காணிக்கக் கூடாது. அவர் மடிக்கும் மாதிரி துணி மடியாது, பரவாயில்லை.

எங்கள் வீட்டில் நான் இட்லி மாவை எடுத்துக்கொண்டேன். "நிஜமாவா?" என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள். முதல் இரண்டு ஞாயிறு பிரமாதம். மூன்றாவது ஞாயிறு கிரிக்கெட் மேட்ச். கடைசி ஓவர் முடிந்து நிமிர்ந்தபோது மணி ஏழு, அரிசி மூட்டையிலேயே இருந்தது. அவளுக்கு மதியமே தெரிந்திருக்கும், நிச்சயமாகத் தெரிந்திருக்கும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை ரவை உப்புமா. மகள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மனைவி சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினாள்.

அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கெல்லாம் எழுந்துபோய் அரிசியை அளந்து ஊறப்போட்டுவிட்டேன். உளுந்து டப்பாவைத் திறந்த பிறகுதான் அது காலி என்று தெரிந்தது.